விஞ்ஞானி வீட்டு மெஷின்

அவருக்கு விஞ்ஞானி என்று பட்டம் கொடுத்தது அவர் மனைவியின் தம்பி. கிண்டலுக்குச் சொன்னதை மனிதர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். உத்தியோகம் என்று பார்த்தால் லாரி உதிரிபாகம் விற்கிற கம்பெனியில் குடோன் கிளார்க். எந்தப் பெட்டி எந்த ரேக்கில் இருக்கிறது என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் சொல்வார். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியதும் பிரபஞ்சம் எப்படி உண்டாச்சு என்கிற கவலை அவரைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கோ ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் அணுத்துகள்களை மோதவிட்டு மலை மலையாகக் கணக்குப் போடுகிறார்கள். அவர்களிடம் இருக்கும் மெஷின்கள் போதவில்லை. அதனால் ஊர் உலகத்திடம் கேட்டார்கள்: உங்கள் வீட்டுக் கணினி சும்மா இருக்கிற நேரத்தில் எங்களுக்கு ஒரு துண்டு கணக்குப் போட்டுக் கொடுங்கள். ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு துண்டு வாங்கிப் போட்டுக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? சும்மா இருக்கிற நேரத்தில் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். நம்ம ஆள் அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்.

மெஷின் ஓட ஓட பாயிண்ட் வரும். பாயிண்ட் ஏற ஏற பட்டியலில் பெயர் மேலே போகும். ஒருநாள் அவர்கள் ஒரு நன்றிச் சான்றிதழ் அனுப்பினார்கள். அதைக் கலரில் பிரிண்ட் எடுத்து, ஃப்ரேம் போட்டு, ஹாலில் கல்யாண போட்டோ தொங்கிய ஆணியிலேயே மாட்டினார். கல்யாண போட்டோ பீரோவுக்குப் பின்னால் போனது. குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. அதைச் சரி பண்ணினால் பாயிண்ட் தருவார்களா என்ன?

போன வருஷம் புதிதாக ஒரு வம்பு வந்து சேர்ந்தது. ஆராய்ச்சிக்காரர்களின் புரோகிராம் சாதாரண வீட்டுக் கணினியில் ஓடாதாம். அதனால் முழுசாக ஒரு மெஷினையே நெட்டில் அனுப்பினார்கள். விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பது போல ஒரு பாவனை. ஆனால் அது தின்கிற மெமரி பாவனை இல்லை, நிஜம். பாதிக்கு மேல் அதற்குத் தூக்கிக் கொடுத்தார் விஞ்ஞானி. அதன்பிறகு வீட்டில் வேறு யாராவது ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுக் குளித்து முழுகி வரலாம். அது அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்.

அவர் மனைவி மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவள். காலையில் நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். கவுண்டருக்கு உள்ளே ஸ்டூல் போட்டால் முதலாளிக்குப் பொறுக்காது. காலில் நரம்பெல்லாம் நீலமாகப் புடைத்து, சாயங்காலம் செருப்புக்குள் பாதம் நுழையாத அளவுக்கு வீங்கிவிடும். நிற்கிற வேலையை விட்டால்தான் கால் மிஞ்சும் என்று டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு ஒரு வழி பிறந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு பண்ணுவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற ஆபீஸ் ஒன்று வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆள் தேடியது. மருந்துப் பெயரெல்லாம் அவளுக்கு நாக்கு நுனியில். சோதனைக்காகச் சில பதிவுகளை மெயிலில் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். உட்கார்ந்து பார்க்கிற வேலை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"ஏங்க, இந்த வாரம் மட்டும் அந்த ஆராய்ச்சியை நிறுத்தி வைங்க. எனக்கு மெஷின் வேணும்."

"நிறுத்தறதா? விளையாடறியா? அங்க எத்தனை பேரோட உழைப்பு வீணாகும் தெரியுமா?"

"இங்க ஒருத்தியோட கால் வீணாப் போகுது. அது தெரியலையா?"

விஞ்ஞானி மோவாயைத் தடவி யோசித்தார். பிறகு பெரிய மனசு பண்ணி, "உனக்கும் உள்ளேயே ஒரு மெஷின் போட்டுத் தர்றேன். நீ அதுல டைப் அடி. நான் என் பாட்டுக்கு இருக்கேன், நீ உன் பாட்டுக்கு இரு" என்றார்.

ஆக, அணுத்துகளுக்கு மிஞ்சிய மூலையில் அவளுக்கு ஒரு குட்டி மெஷின் கிடைத்தது. ஒரு வார்த்தை அடித்தால் அது திரையில் வர நேரமாகும். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். கடை விட்டு வந்து, வீங்கிய காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு தினமும் அடித்தாள். பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வைக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் ஐயா விடவில்லை.

"வைரஸ் வந்துரும்மா. உள்ளேயே பத்திரமா இருக்கும், என்னை நம்பு."

நம்பினாள். அந்த வாரத்தில் அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு தடவை படித்துப் பார்த்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளுடைய மெஷின் திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. பெருக்கித் துடைத்த வீடு மாதிரி வெறிச்சென்று இருந்தது.

"ஏங்க, நான் அடிச்சு வெச்சதெல்லாம் எங்க?"

விஞ்ஞானி செய்தித்தாளை மடிக்காமலே பேசினார். "காலையில என் மெஷின் எரர் காட்டுச்சு. நெட்டுல எங்க ஆளுங்க ஃபோரத்துல கேட்டேன். முதமுதல்ல சேவ் பண்ணி வெச்ச நிலைக்குத் திருப்பிடுன்னு சொன்னாங்க. திருப்பினேன். எதுக்கும் இருக்கட்டும்னு உன்னதையும் சேர்த்துத் திருப்பிட்டேன்."

எதுக்கும் இருக்கட்டுமாம்! விர்ச்சுவல் மெஷினை அப்படித் திருப்பினால் இடையில் நடந்த எதுவும் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். ஒரு வாரம் அவள் கேட்டது, அடித்தது, திருத்தியது எல்லாம் போச்சு. இந்த மனுஷன் முன்னால் அழுவதா என்று அழுகையை அடக்கிக்கொண்டாள்.

பிறகு, அவர் எப்போதும் சுருக்கியே வைத்திருக்கும் அந்த ஆராய்ச்சி மெஷினின் ஜன்னலைப் பெரிதாக்கினாள். கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. வேலை இல்லை, காத்திருக்கிறது என்று அர்த்தம்.

"இது என்ன, வேலை இல்லைன்னு சொல்லுது?"

"அது எப்பவும் அப்படித்தான் சொல்லும்" என்று வாயை விட்டார் விஞ்ஞானி.

"எப்பவும்னா?"

செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது. "அது வந்து... அங்க வேலை தீர்ந்து போச்சு. புதுசா வரல. ஆனா மெஷின் ஆன்ல இருந்தா பாயிண்ட் வந்துட்டே இருக்கும். ரேங்க் ஏறும்ல?"

"எப்ப தீர்ந்து போச்சு?"

"போன வருஷமே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நல்ல சிரிப்பு இல்லை. வருஷம் பூராவும் மெஷின் உள்ளே ஈ ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இவர் அதற்கு வாசலில் காவல் நின்றிருக்கிறார்.

"நான் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நிக்கறேன். எனக்கு யாரும் பாயிண்ட் குடுக்கலையே" என்றாள். சொல்லிக்கொண்டே இரண்டு விர்ச்சுவல் மெஷினையும் அழித்தாள்.

"ஏய், என் ரேங்க்!"

"மதியச் சாப்பாட்டை நீங்க பாருங்க. அந்தக் குழாயையும் பாருங்க. சாயங்காலம் வரைக்கும் இந்தப் பக்கம் வந்தீங்க, மரியாதை கெட்டுடும்."

மெயிலிலிருந்து பதிவுகளை மறுபடி இறக்கினாள். உள்ளிருக்கும் ஃபேனின் இரைச்சல் அடங்கி, கணினி என்றைக்கும் இல்லாத சுறுசுறுப்பில் இருந்தது. அடிக்கிற விரலோடு எழுத்தும் வந்தது. டாக்டர் எங்கே இருமுவார், எந்த மருந்துப் பெயரை மென்று விழுங்குவார் என்பதெல்லாம் அவள் காதில் ஏற்கெனவே இருந்தது. இடையில் எழுந்திருக்கவே இல்லை. வெளிச்சம் மங்குவதற்குள் அனுப்பி முடித்தாள்.

வேலை கிடைத்தது. அவள் கடை முதலாளியிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வந்த அன்று விஞ்ஞானி அவள் தம்பிக்குப் போன் போட்டார்.

"மச்சான், உங்க அக்காவுக்கு வேலை கிடைச்சிருச்சு. எல்லாம் நம்ம மெஷினாலதான். அவளுக்குன்னு தனியா மெமரி ஒதுக்கி, செட்டப் பண்ணிக் குடுத்தது யாரு?"

அவள் காதில் விழுந்தது. ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். கால் ஸ்டூல்மேல் நீட்டியிருந்தது. வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது.

போனை வைத்துவிட்டு வந்து நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நடந்தார் மனிதர். கடைசியில் கேட்டேவிட்டார்.

"மெஷின் சும்மா இருக்கிற நேரத்துல மட்டும் நான் எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்குங்க" என்று அடுத்த பதிவைத் திறந்தாள்.

அது சும்மா இருப்பதே இல்லை. அந்த வீட்டில் இப்போது சும்மா இருப்பது ஒரே ஒரு ஆள்தான். அவருக்கு யாரும் பாயிண்ட் கொடுப்பதில்லை.