கதவுக்கு வெளியே ஒரு சகோதரர்

"நான் ஒரு மன்றத்துல சேர்ந்துட்டேன்" என்றார் சித்தப்பா, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே.

சித்தி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்ன மன்றம்? சீட்டாடுற மன்றமா?"

"சகோதரர் மன்றம். பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் இருக்காங்க. ஆனா உள்ள போயிட்டா எல்லாரும் சமம். ஒருத்தரை ஒருத்தர் சகோதரரேன்னுதான் கூப்பிடணும்."

"கூடப்பிறந்த அண்ணன்கிட்ட போன்ல பேச உங்களுக்கு நேரமில்ல. இதுல கடையில வாங்கின அண்ணன் வேறயா?"

"கடை இல்லடி. சந்தா கட்டிச் சேர்றது."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

"சும்மா வாங்கிக்கிறாங்கன்னு நினைக்காத. நொடிச்சுப்போன சகோதரர் குடும்பத்துக்கு அதுலதான் உதவி போகுது. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா உன் வாசல்ல வந்து நிப்பாங்க."

"உங்களுக்கு ஒண்ணு ஆனப்புறம் யாரு வந்து நின்னா எனக்கென்ன? சரி, உள்ள போய் என்னதான் பண்ணுவீங்க?"

"அது ரகசியம்."

சித்தி மடித்த துணியை அப்படியே மடியில் போட்டுவிட்டுச் சிரித்தாள். "இவரு வாயில ரகசியம் தங்குதாம்! செருப்பு வாங்கின விலையைத் தெருமுனை வரைக்கும் சொல்லிட்டு வந்தவரு!"

சித்தப்பாவும் சிரித்துவிட்டார். கல்லூரிப் படிப்புக்காக அவர்கள் வீட்டில் தங்கியிருந்த அவருடைய அண்ணன் மகள், ஜன்னலோரத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் மன்றத்தைப் பற்றிச் சிரித்துப் பேசிய கடைசிப் பேச்சு அது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

சித்தப்பா லிஃப்ட் ஓட்டுபவர். பழைய அலுவலகக் கட்டடம், பழைய லிஃப்ட். இரும்புக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினால்தான் நகரும். இடுப்பு உயர முக்காலி ஒன்று மூலையில் கிடக்கும். அதில் உட்கார்ந்தபடி தலையைத் தூக்காமலே செருப்புச் சத்தத்தை வைத்து யார், எந்த மாடி என்று சொல்லிவிடுவார். ஏறுகிறவர்கள் அவரிடம் பேசுவது ஒற்றைச் சொல்தான். "ரெண்டு." "அஞ்சு." நாலாம் மாடி வக்கீல் அதைக்கூட முழுசாகச் சொல்ல மாட்டார். நாலு விரலைக் காட்டுவார்.

மன்றத்தில் சேருவதற்கு முன்பு, அந்த வக்கீலோடு ஒருநாள் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது. கரண்டும் இல்லை. கோர்ட்டில் புலிபோல நிற்கிற மனிதர், இருட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கரண்ட் வரும்வரை விடாமல் பேசினார். என்ன பேசினீர்கள் என்று பிறகு அண்ணன் மகள் கேட்டபோது, "உங்க சித்தி குறட்டை விடுறதைப் பத்தித்தான். வேற எனக்கென்ன தெரியும்?" என்றார். வெளியே வந்ததும் வக்கீல் அவர் தோளில் கை வைத்து, "உங்களை மாதிரி ஆளுதான் எங்க மன்றத்துக்கு வேணும்" என்றார். அத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவர் அவரை 'உங்களை' என்றது அதுதான் முதல் தடவை.

சேர்த்துவிட்டவர் வக்கீல். பிணை நின்றவரும் அவரே. கண்ணைக் கட்டி உள்ளே கூட்டிப்போய், யாரோ சொல்லச் சொல்லப் புரியாத மொழியில் சத்தியம் செய்யவைத்து, கட்டை அவிழ்த்ததும் எல்லோரும் எழுந்து நின்று சித்தப்பாவுக்குக் கை கொடுத்தார்களாம். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடும்போதுகூட வலது கையைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்.

அவர் உள்ளே உட்கார்ந்தது சில கூட்டங்களோடு முடிந்துபோனது. மன்றத்தின் கதவுக்கு வெளியே கையில் கோலோடு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது முறை. உள்ளே பேசுவது வெளியே போகாமல் காக்கிற ஆள். கூட்டம் முடியும்வரை அந்தக் கோல் ஆளில்லாமல் இருக்கக் கூடாது. அதுவரை உட்கார்ந்திருந்தவர் படுத்த படுக்கையானார். அடுத்தது யார் என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. வக்கீல்தான் எழுந்தார். "நம்ம சகோதரருக்குக் கதவு என்ன புதுசா?" மண்டபமே சிரித்துக் கை தட்டியது. சித்தப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பையே சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் அவருக்கு அந்த நாற்காலிதான். வருஷா வருஷம் உள்ளே தேர்தல் நடக்கும். கதவு திறக்கும். "உங்களை விட்டா யாரு சகோதரரே?" என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். சந்தாவை மட்டும் அவர் ஒருமுறைகூடத் தள்ளிப்போட்டதில்லை.

"பகல் பூரா ஊரான் ஏறி இறங்கக் கதவு திறக்கிறாரு. சனிக்கிழமை ஊரான் உக்காந்து பேசக் கதவு சாத்துறாரு. இதுக்கு இவரு காசு கொடுக்கிறாரு. உலகத்துல எங்கயாவது உண்டா?" என்பாள் சித்தி.

சாப்பிடும்போது சில நாள் சித்தப்பா அண்ணன் மகளிடம் திடீரென்று ஒரு வார்த்தையைக் கேட்பார். அவள் சத்தியத்தின் அந்த மொழியும் படித்தவள். "பாப்பா, இதுக்கு என்ன அர்த்தம்?" சத்தியத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. ஆனால் ஒற்றை வார்த்தையைக் கேட்டால் குற்றமில்லை என்பது அவர் கணக்கு. அதையும் வரிசை கலைத்துத்தான் கேட்பார். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவாள். ஆனால் அந்த வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். சத்தியத்தின் ஒரு வரி இப்படி வந்தது: ஏற்ற பதவியை, திறந்த மன்றத்தின் நடுவே நின்று தன் வாயால் துறக்கும்வரை, விடமாட்டேன். அடுக்கி முடித்த அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. மன்றம் திறந்திருக்கிற, அதாவது கூட்டம் நடக்கிற நேரத்தில் உலகத்திலேயே அந்த நடுவுக்குப் போக முடியாத ஒரே சகோதரர் அவர்தான்.

சித்திக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது ஒரு சனிக்கிழமை. சித்தப்பா நாற்காலிக்கு மாற்று ஆள் கேட்டார், யாரும் வரவில்லை. ஒற்றைக் கண்ணில் கட்டோடு இருந்த சித்தியைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்து வந்தது அண்ணன் மகள். சித்தி சண்டை போடவில்லை. கட்டு பிரித்த மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு தங்கை ஊருக்குக் கிளம்பினாள். "அந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சு வாங்க. அப்புறம் பேசலாம்" என்றாள் வாசலில்.

சித்தப்பா சும்மா இருக்கவில்லை. பதவியை விட்டுவிடுகிறேன் என்று லிஃப்டில் வக்கீலிடம் சொன்னார். அவர் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் இங்க பேசக் கூடாது. மன்றத்துல சொல்லுங்க" என்றார். மன்றம் முடிந்து வெளியே வந்த தலைவரிடம் சொன்னார். "கலைஞ்சாச்சே சகோதரரே. திறந்திருக்கும்போது சொன்னாத்தான் செல்லும்" என்றார் தலைவர், குடையை விரித்துக்கொண்டே.

"போகாம இருந்துடுங்களேன் சித்தப்பா" என்றாள் அவள் ஒருநாள். அவளாக அவரிடம் யோசனை சொன்னது அபூர்வம்.

"வராம நின்னவன் பேரை, சத்தியம் மீறினவன்னு எழுந்து நின்னு வாசிப்பாங்க பாப்பா. பிணை நின்னவருக்கும் அதே பேருதான். அப்புறம் தினம் அவரு முகத்துல முழிக்கணுமே. நாலாம் மாடி வரைக்கும்."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சித்தி அண்ணன் மகளுக்குப் போன் செய்தாள். "இங்க சின்னதா ஒரு வீடு கிடைச்சிருக்கு. நான் இங்கயே இருந்துக்கிறேன். அவரு வர்றாரா இல்லையான்னு இன்னைக்கே கேட்டுச் சொல்லு. வீட்டுக்காரரு நாளைக்கு வரைக்கும்தான் காத்திருப்பாராம்."

அண்ணன் மகள் மன்றத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. மாடிப்படி ஏறி ஒரு குறுகிய நடை. ஜன்னல் இல்லை. கோடியில் இரட்டைக் கதவு. அதை ஒட்டி, கை வைத்த இடமெல்லாம் வார்னிஷ் போன ஒரு நாற்காலியில் சித்தப்பா, முழங்காலுக்கு நடுவே கருப்புக் கோலை நிறுத்தி வைத்துக்கொண்டு. பக்கத்தில் கட்டட வாட்ச்மேன் சுவரில் சாய்ந்திருந்தார். உள்ளே யாரோ ராகம் இழுத்து எதையோ வாசித்தார்கள்.

அவள் குரலைத் தாழ்த்திச் சித்தி சொன்னதைச் சொன்னாள். சித்தப்பா கேட்டுவிட்டு வாட்ச்மேனைப் பார்த்தார்.

"ஒன்னுக்குப் போகணும்னா கோலைக் கொடுங்க அண்ணே, எப்பவும்போல பிடிச்சுக்கிறேன்" என்றார் வாட்ச்மேன். "கோல்ல ஒரு கை இருந்தா போதும், யாரு கைன்னு ஒருத்தரும் பார்க்கிறதில்ல. ஆனா உள்ள போறேன்னு சொல்லாதீங்க. வக்கீல் ஐயா நாளைக்கு என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு." சொல்லிவிட்டு, தனக்குக் கீழே வேலை இருப்பதுபோல இறங்கிப் போய்விட்டார்.

நடையில் அவர்கள் இருவர் மட்டும். பெண்கள் இந்த மாடிக்கே வரக் கூடாது என்று படிக்கட்டில் ஒரு பலகை இருந்ததை அவள் அப்போதுதான் நினைத்தாள். உள்ளே வாசிப்பு நின்று, நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

சித்தப்பா எழுந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கோலை நாற்காலிக்கு மேலாக அவள் பக்கம் நீட்டினார். அவர் பிடி மட்டும் இன்னும் விடவில்லை.

"பாப்பா, உள்ள போனா திரும்பி வரக் கொஞ்சம் நேரம் ஆகும். யாராவது வந்தா எதுவும் பேசாத, அது உனக்குச் சொல்லவே வேண்டாம். நான் வர்ற வரைக்கும் இதைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்றியாம்மா?"