கட்டிலில் ஏறிய மூட்டைகள்

கதவைத் திறந்ததும் முதலில் மூக்கைத்தான் உள்ளே நீட்டுகிறாள். பூசண வாடை இல்லை. அடுத்து ஒவ்வொரு மூட்டையின் விலாவிலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

"நேத்து முழுக்க நான் இருமினேன். என்னை ஒருத்தரும் தொட்டுப் பாக்கல," என்கிறார் பின்னால் நிற்கும் கணவர்.

அவர் புகாரில் நியாயம் உண்டு. சரிவில் விளைந்த இந்த வருடத்துக் காப்பிக்கொட்டை முழுவதும் அவர்களுடைய படுக்கையறையில்தான் குடியிருக்கிறது. தரை ஈரம் ஏறக்கூடாதென்று பாதி மூட்டை கட்டில்மேல். அவர் கூடத்தில் பாயில் முதுகு பிடித்துக் கிடக்கிறார். தைலம் தேய்த்துக்கொள்ளவும் வழியில்லை. காப்பி அடுத்த வீட்டு வாசனையைக்கூட இழுத்து வைத்துக்கொள்ளும். "உங்க தைலம் மணக்கிற காப்பியை யாருங்க குடிப்பா?" வெங்காயம் வதக்குவதும் கொல்லைப்புறத்தில்தான்.

எல்லாம் இறக்குமதி வரி செய்த வேலை. அறுவடை நேரம் பார்த்து அதைக் குறைத்தார்கள். வெளிநாட்டுக் கொட்டை மலிவாக வந்து குவிந்தது, உள்ளூர் விலை படுத்துவிட்டது. இப்போது விற்றால் பறிப்புக்கூலிக்கே கட்டாது. மறுபடி வரியை ஏற்றப்போவதாக ஒரு பேச்சு. அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் மூட்டையோடு பூசணம் பூத்துவிடும். "அவங்க ராத்திரியோட ராத்திரியா வரியை மாத்திடுறாங்க. என் செடி காய்க்க நாலு வருஷம் ஆகுது. நான் எந்த வரியைப் பாத்து நடுறது?" என்பாள். செய்தி நேரத்தில் அந்த வீட்டில் யாரும் தும்மக்கூடாது.

நேற்று வியாபாரி வந்தான், கூப்பிடாமலே. கூரான குழாயை ஒரு மூட்டையில் செருகி, கொட்டையை உள்ளங்கையில் சரித்து முகர்ந்தான்.

"அக்கா, வரியெல்லாம் இப்போதைக்கு ஏறாது. மழை வேற வருது. போன வார விலைக்கே எடுத்துக்கிறேன், வண்டி கீழேதான் நிக்குது."

"குடுத்துத் தொலையேன்," என்றார் கணவர். "நாளைக்குப் பொண்ணு கைக்குழந்தையோட வர்றா. எங்கே படுக்க வைப்பே?"

"கூடத்துல. நாம அடுப்படிக்குப் போயிடலாம். அங்கே கதவைச் சாத்திட்டு நீங்க ஆசைதீரத் தைலம் தேய்ச்சுக்கோங்க." அவள் வியாபாரி பக்கம் திரும்பினாள். "வரி ஏறாதுன்னு சொல்றதுக்கா தம்பி இவ்வளவு மேடு ஏறி வந்தே?"

அவன் சிரிக்கப் பார்த்தான், பாதிதான் வந்தது.

அவன் கையிலிருந்த கொட்டைகளை அவள் வாங்கி, குழாய் போட்ட ஓட்டை வழியாக ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். கடைசிக் கொட்டையும் போனபின், விலகிக் கிடந்த சணல் இழைகளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒன்றுசேர்த்தாள்.