தேர் திரும்பும் வரை

எனக்குக் குரல் நல்ல குரல். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு நான்தான் பூசாரி. தினமும் விடியற்காலை, ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன், மைக் முன்னால் உட்கார்ந்து அம்மன் பாட்டுப் பாடுவேன். பனிக்குள்ளே என் குரல் எதிர்மலை வரை போய்த் திரும்பி வரும். அப்படித் திரும்பி வருவதை ஆத்தாளே எனக்குச் சொல்லும் பதில் என்று பல வருடம் நம்பினேன். அவ்வளவு திமிர்.

கோயிலை ஒட்டியே லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அதில் கோயில் சுவரோடு ஒட்டிய கடைசிக் காம்பராவில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணும் அவள் புருஷனும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. என்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவாள். புருஷன் நெஞ்சு நோயில் ஒரு வருடமாகப் படுத்த படுக்கை. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவரைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். நான் பாடும்போது நடுவில் அவர் இருமுவது கேட்கும். எனக்கு எரிச்சலாக வரும். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் தோட்டத்தில் சாவு விழக் கூடாது. விழுந்தால் தீட்டு. பிணம் மண்ணுக்குப் போகும்வரை கோயில் திறக்காது, தேர் நகராது. தேருக்கென்று தோட்டத்துத் துரை கொடுப்பதோ ஒரே ஒரு நாள் லீவு. கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான் பஸ் ஏறி வருவார்கள்.

அந்த வருடம் தேரன்று காலை, நான் பாடி முடித்த நேரம், அவள் கோயில் படிக்குக் கீழே வந்து நின்றாள். படி ஏறவில்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. கோயில் கமிட்டித் தலைவர் பக்கத்தில் நின்று வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்.

“அவரு போயிட்டாருண்ணே,” என்றாள்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரு மனிதன் செத்துக் கிடக்கிறான், எங்கள் இரண்டு பேருக்கும் வந்தது கோபம். இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்ற கோபம்.

“வேற யாருக்காச்சும் தெரியுமா?” என்று தலைவர் கேட்டார்.

“இல்லீங்க.”

மீதியை நான் சொன்னேன். நான் சொன்னால் அவள் தட்டமாட்டாள் என்று எனக்குத் தெரியும். “தங்கச்சி, தேர் சுத்திட்டு வந்து நிக்கிற வரைக்கும் பொறுத்துக்க. சத்தம் வெளிய வரக் கூடாது. ஆத்தா காரியம். கதவ மூடி வச்சா சந்தேகப்படுவாங்க. தேர் வர்றப்ப மத்தவங்க மாதிரி நீயும் தட்டோட வெளிய வந்து நில்லு.”

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். ஊருக்குத் தெரியாதவரை தீட்டில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு நோர்வூட் டவுனிலிருந்து வாடகைக்கு எடுத்திருந்த குழாய் ஸ்பீக்கரை அவள் காம்பராப் பக்கம் திருப்பி, சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அடக்க முடியாமல் அழுதுவிட்டாலும் கேட்கக் கூடாது அல்லவா.

மத்தியானம் தேர் அந்த லயத்துக்கு வந்தது. ஒவ்வொரு வாசலிலும் அர்ச்சனைத் தட்டு. கடைசி வாசலில் அவள் நின்றாள். முகத்தில் மஞ்சள், நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் பூ, தட்டில் தேங்காய், பழம், கற்பூரம். அவளுக்குப் பின்னால் வாசலில் ஒரு பழைய சேலை திரையாகத் தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் அவர் கிடந்தார். அர்ச்சனைக்காகத் தப்பு மேளம் அடிப்பதை நிறுத்தினார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டேன், “பேரு, நட்சத்திரம்?”

தன்னுடையதைச் சொல்லியிருக்கலாம். புருஷன் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள். என் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

“நோய்நொடி இல்லாம, ஆயுசு கெட்டியா இருக்கணும்னு ஆத்தாகிட்ட கேளுங்கண்ணே.”

சுற்றிலும் சனம். கேட்டேன். செத்தவருக்கு நீண்ட ஆயுள் வேண்டுமென்று, மலை முழுக்கக் கேட்கும்படி, ராகம் போட்டுக் கேட்டேன். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பு.

சாயங்காலம் தேர் நிலைக்கு வந்த பிறகு, இப்போதுதான் உயிர் பிரிந்தது என்று தலைவர் ஊருக்குச் சொன்னார். தேரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், கொடுத்து வைத்த மனுஷன் என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு சொட்டுக் கண்ணீர் விடுறாளா பாரு, கல்நெஞ்சக்காரி,” என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகும் தினமும் பாடினேன். குரல் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அது வெறும் எதிரொலிதான் என்று அப்போது தெரிந்தது. முப்பதாம் நாள் காரியம் கழிந்து அவள் வீட்டுக்குப் போனேன். “நான் இனிமே பாடமாட்டேன் தங்கச்சி” என்றேன். அப்படியெல்லாம் சொல்லாதீங்க என்று அவள் என்னைத் தேற்றுவாள் என்று மனதுக்குள் ஒரு நப்பாசை.

அவள் கொழுந்துக் கூடைக் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னாள்: “நிறுத்திராதீங்கண்ணே. அன்னைக்கு அழ விடல. அப்புறம் அழுகையே வரல. இப்ப காலையில நீங்க பாடுறப்ப மட்டுந்தான் வருது. அந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்காது பாருங்க.”

அவள் குரலில் கோபமில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

மறுநாள் காலை ஆத்தா முன்னால் உட்கார்ந்து பாடினேன். பாதிப் பாட்டில், கேட்டுவிட வேண்டும் என்று, சட்டென்று நிறுத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விம்மல் பாதி வந்து, கையால் வாயைப் பொத்தியது போல அறுந்தது. அதன்பிறகு அந்தப் பக்கமும் சத்தமில்லை, இந்தப் பக்கமும் இல்லை. நான் பாடுவதற்காக அவள் காத்திருந்தாள். இத்தனை வருடம் பாட்டில் தேடிய ஆத்தா அந்த மௌனத்தில் இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், அவளோடு இருந்தாள்.

அவளை அதிக நேரம் காக்க வைக்க முடியவில்லை. கையை நீட்டி மைக்கின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். விட்ட இடத்திலிருந்து பாடினேன்.