சித்தப்பா விரித்துக் காட்டிய கை

சித்தப்பா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தால் அதோடு காரியம் முடியாது. இரண்டு உள்ளங்கைகளையும் மெல்லத் தட்டி, விரல்களை விரித்து, முதலில் புறங்கை, பிறகு உள்ளங்கை என்று திருப்பித் திருப்பிக் கூரைக்குக் காட்டுவார். சின்ன வயதில் அது ஏதோ சாமி கும்பிடும் முறை என்று நினைத்திருந்தேன். அம்மாவிடம் கேட்டால், "அது அவற்ற பழக்கம், நீ சாப்பிடு" என்பார். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்குமா?

படிப்புக்காகச் சுவிஸின் லுசேர்ண் நகருக்குப் போன பிறகுதான் விடை கிடைத்தது. சித்தப்பா அங்கே ஒரு கசினோவில், ரூலெட் சூதாட்ட மேசையில் எண் போட்ட சில்லைச் சுழற்றிப் பந்தை விடுபவர். மேசையை விட்டு விலகும்போதெல்லாம், கையில் எதையும் ஒளிக்கவில்லை என்று கூரையிலுள்ள கமராவுக்குக் காட்ட வேண்டும். வருடக்கணக்காகக் காட்டிக் காட்டி, வீட்டுக் கூரைக்கும் காட்டத் தொடங்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தாலும் அவரைக் குறை சொல்ல வாயில்லை. நான் இப்போது ஐஸ் ஹொக்கி அணியொன்றின் பிசியோதெரபிஸ்ட். கோயில் வரிசையில் நின்றாலும் முன்னால் நிற்பவரின் முழங்காலைத்தான் பார்க்கிறேன்.

சொந்தக்காரர்களுக்குச் சித்தப்பா பார்த்தது 'ஹோட்டல் வேலை'. சித்தியின் ஏற்பாடு அது. அவர்களுடைய மகளுக்கு, என் தங்கச்சிக்கு, கலியாணம் பேசியபோது அந்தப் பொய் கனக்கத் தொடங்கியது. மாப்பிள்ளைக்கு உண்மை தெரியும். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவருடைய பெரியப்பா வைத்ததுதான் சட்டம். பெண் பார்க்க நொஷாட்டல் நகரிலிருந்து நெற்றி நிறையத் திருநீறோடு வந்தவர், வேறு யாரையோ பற்றிய பேச்சில், "சூதாடுற இடத்துச் சம்பந்தம் எங்கட குடும்பத்துக்குச் சரிவராது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சித்திக்கு நித்திரை இல்லை.

கலியாணம் சூரிச்சில். தாரை வார்த்து, மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார் சித்தப்பா. கண் கலங்கியிருந்தது. பிறகு, தன்னையறியாமல், உள்ளங்கைகளை மெல்லத் தட்டி, விரித்து, மண்டபத்தின் கூரைக்குக் காட்டினார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சித்தியின் முகம் வெளிறிப்போனது. சபையில் இருந்தவர்கள் அதையும் ஒரு சடங்கென்று எடுத்துக்கொண்டார்கள், ஒருவரைத் தவிர. முன்வரிசையில் அந்தப் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தாலி கட்டி முடியும்வரை சித்தப்பாவின் கைகளிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

பந்தியில் அவர் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்து குரலைத் தாழ்த்தினார். நான் எதிரே இருந்தேன்.

"லுசேர்ண் கசினோவிலையோ?"

"ஓம்."

"நான் நொஷாட்டலிலை. சும்மா பாக்கப் போறனான்."

சும்மா பார்க்கப் போகிறவருக்கு அந்தக் கை அவ்வளவு பழகியிருக்குமா என்று எனக்குள் ஒரு கேள்வி. விளையாட வருகிறவர்களைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது சித்தப்பாவின் தொழில் ஒழுக்கம். முகத்தில் ஒன்றும் காட்டாமல், "அண்ணை, பாயசம் எடுங்கோ" என்றார். அந்தப் பேச்சு பிறகு இரண்டு வீட்டிலும் எழவேயில்லை.

சித்தப்பா ஓய்வு பெற்றுவிட்டார். பழக்கம் மட்டும் இன்னும் பென்ஷன் எடுக்கவில்லை. கோப்பையை வைத்தால் கூரைக்குக் கணக்குக் காட்டியே ஆகவேண்டும். போன ஞாயிறு, தங்கச்சியின் கைக்குழந்தையை மடியில் போட்டு நித்திரையாக்கி, தாயிடம் திருப்பிக் கொடுத்தார். நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை தட்டவில்லை, விரியவுமில்லை. இரண்டையும் பொத்தி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன் சித்தப்பா, இண்டைக்குக் கையைக் காட்டேல்லையோ?"

"பிள்ளையின்ர சூடு கிடக்கு" என்றார். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."