வாரிசுப் பட்டியல்ல விட்டுப்போன பேரு

சபையில சாட்சி சொல்றப்ப நோய் குணமானதைச் சொல்லுவீங்க, வேலை கெடச்சதைச் சொல்லுவீங்க. நான் சொல்லப் போறது ஒரு பேரைப் பத்தி. நடுவுல அழுதுட்டேன்னா பொறுத்துக்குங்க.

என் பேரு ஸ்டெல்லா. குரும்பலூர்ல வாடகை வூட்டுல இருக்கேன், பெரம்பலூர்ல தையல் கடையில வேலை. என் வீட்டுக்காரர் செல்வராசு குன்னம் பக்கத்து ஊர்க்காரரு. அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுனாரு. நாங்க வேற வேற சாதி. அவங்க வூட்டுல என்னை ஏத்துக்கல. ஒரு சபை ஊழியர்தான் ஜெபம் பண்ணிக் கல்யாணம் நடத்தி வச்சாரு. விவரம் தெரியாம அதைப் பதிவு பண்ணாம விட்டுட்டோம். அந்த ஊழியரும் அப்புறம் காலமாயிட்டாரு.

மூணு வருசத்துக்கு முன்னாடி, மக்காச்சோள அறுப்பு நேரத்துல லாரி கவுந்து அவரு போயிட்டாரு. அவங்க வூட்டு ஆளுங்க உடம்பைச் சொந்த ஊருக்கு எடுத்துட்டுப் போனாங்க. என்னையும் எங்க பொண்ணு கிருபாவையும் தெருமுனையிலயே நிறுத்திட்டாங்க. கடைசியா முகங்கூடப் பாக்கல.

வாரிசு சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்குப் போனப்பதான் தெரிஞ்சுது. மாமியா முன்னாடியே மனு குடுத்திருக்காங்க. மகனுக்குக் கல்யாணமே ஆகல, அப்பா அம்மா மட்டுந்தான் வாரிசுன்னு. ஆட்சேபம் எழுதிக் குடுத்தேன். விசாரணை வச்சாங்க. எனக்காகப் பேச அந்த ஊர்ல ஒருத்தரும் வரல. கிருபாவோட ஸ்கூல் சர்டிபிகேட்டைக் காட்டுனேன். "அதுல யாரு பேர வேணா அப்பன்னு எழுதிக்கலாம்"னாங்க மாமியா. பன்னெண்டு வயசுப் புள்ள பக்கத்துல நின்னு கேட்டுட்டிருக்கா.

திரும்பி வர்ற பஸ்ல கேட்டா, "அப்ப நான் யாரும்மா?"

அவளை இழுத்து மடியில சாச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் எனக்கு ஜெபம் வரல. "ஆண்டவரே"ன்னு ஆரம்பிப்பேன், அதோட நின்னுரும். செத்துட்டாத் தேவலன்னு தோணுன நாளும் உண்டு.

வேதம் வாசிக்கிறதை மட்டும் பழக்கத்துல விடல. ஒருநாள் மத்தேயு முதல் அதிகாரம், இயேசுவோட வம்ச வரிசை வந்துச்சு. அவன் இவனைப் பெத்தான், இவன் அவனைப் பெத்தான்னு ஒரே பேரா இருக்கும். எப்பவும் தள்ளிட்டுப் போயிருவேன். அன்னிக்குக் கோவத்தோட வாசிச்சேன். மாமனார் கைவிட்ட தாமார் இருக்கா. வேசின்னு பேரெடுத்த ராகாப் இருக்கா. வேற சனத்துலேர்ந்து வந்த விதவை ரூத் இருக்கா. பாபிலோன் சிறையிருப்புக்கு அப்புறம் ஆசோர், சாதோக்கு, ஆகீம். இந்த மூணு பேரும் எப்படி வாழ்ந்தாங்கன்னு ஒரு வரி கெடையாது. ராஜா தாவீதோட வம்சத்துக்கு ஆண்டவர் குடுத்த வாக்கு என்னாச்சுன்னு அவங்களும் ஏங்கித்தான் இருப்பாங்க. சிங்காசனம் இல்ல, ராஜா இல்ல. எதையும் பாக்காமலே செத்துப்போனாங்க. ஆனா வரிசை அறுந்து போகல. ஆபிரகாமுக்குச் சொன்ன சொல்லை ஆண்டவரு ஒரு தலைமுறையிலயும் கீழ விடல.

"என் பொண்ணு பேரையும் விட்டுறாதீங்கப்பா"ன்னு அழுதேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

அடுத்த விசாரணைக்கு மாமனாரும் வந்திருந்தாரு. இத்தனை நாளும் வாயே தொறக்காத மனுசன். அதிகாரி அவரைப் பாத்து, "பெரியவரே, உங்க குடும்ப வரிசையைச் சொல்லுங்க"ன்னாரு. மாமியா பேசப் போனாங்க. மாமனார் கையைக் காட்டி நிறுத்துனாரு.

"எங்கப்பா பெரியசாமிங்க. அவரு மவன் நானு, கோவிந்தன். எம் மவன் செல்வராசு." தோள்ல கெடந்த துண்டை எடுத்துக் கையில புடிச்சுக்கிட்டாரு. "அவன் பொண்டாட்டி இந்தா நிக்குது. அவன் பொண்ணு..."

பேரு தெரியல அவருக்கு. பன்னெண்டு வருசத்துல ஒருதடவகூடக் கேட்டதில்ல. கிருபா பக்கம் திரும்புனாரு. "ஓம் பேரு என்னாம்மா?"

"கிருபாங்க தாத்தா."

"கிருபா. எழுதிக்குங்க சார்"னுட்டுத் துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டாரு.

சான்றிதழ்ல இப்ப மாமனார், மாமியா, நான், கிருபான்னு நாலு பேரு இருக்கு. என் வீட்டுக்காரர் திரும்பி வரல. மாமியா இன்னிக்கும் என்னோட பேசுறதில்ல. அந்த வலி போயிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த அதிகாரத்தை இப்ப நான் தள்ளிட்டுப் போறதில்ல. ஒவ்வொரு பேரா நிறுத்தி வாசிக்கிறேன். ஆசோர் காலத்துல இருந்தவங்களுக்கு முடிவு தெரியாது. நீங்களும் இன்னிக்கு அந்த மாதிரி ஒரு எடத்துல நிக்கலாம். அழுதுக்கிட்டே நம்புங்க. ஆண்டவரு எங்களை விடல. எனக்கு அது போதும்.