லேமினேஷன் போட்ட பழி

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பதினோரு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, டிசி, சாதிச் சான்றிதழ், பத்தாவது மார்க் ஷீட் என்று பத்திரமாக வைக்க வேண்டியதைத்தான் ஜனங்கள் லேமினேஷன் போடக் கொண்டுவருவார்கள். தன்னைப் பற்றிக் கேவலமாக எழுதியிருந்த காகிதத்தை லேமினேஷன் போடக் கொண்டுவந்தவள் ஒருத்திதான். அவள் என் சித்தி மகள் சுகிர்தா.

"இன்னாத்துக்கும்மா இது? கிழிச்சிப் போட்டுட்டு வேற வேலையப் பாரு" என்றேன்.

"தண்ணி பட்டாலும் அழியக் கூடாதுண்ணா. நல்லா கெட்டியா போடு" என்றாள்.

அது ஒரு பீர் பாக்டரியின் ரிஜிஸ்டர் பக்கத்தின் நகல். வேலையை விட்டு நிறுத்திய கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னால், 'பதினாலாம் நம்பர் டேங்க் சரியாகக் கழுவப்படவில்லை. பொறுப்பு: லேப் உதவியாளர் சுகிர்தா.' கீழே கையெழுத்து, முகுந்த். எழுத்து முத்து முத்தாக இருந்தது. பொய்யை எழுதும்போதுகூட அந்த ஆளுக்குக் கை நடுங்கவில்லை என்பதுதான் எனக்கு முதலில் எரிச்சலைக் கிளப்பியது.

சுகிர்தா மைக்ரோபயாலஜி படித்தவள். ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்தாள். எங்கள் காலனியில் நாற்று நடவும் களை எடுக்கவும் போன குடும்பங்களிலிருந்து லேப் கோட்டு போட்ட முதல் ஆள் அவள்தான். படித்து முடித்ததும் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் அந்தப் பாக்டரியில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது. பாக்டரியின் பெயர் இங்கே வேண்டாம்.

வேலைக்குச் சேரும்போதே சித்தி மார்த்தாள் பைபிள் மேல் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "வாயில வெச்சாலும் துப்பிடணும். ஒரு சொட்டு தொண்டையில எறங்குச்சின்னு தெரிஞ்சிது, நீ என் வூட்டுக்கு வராத." சுகிர்தாவும் அப்படியே செய்தாள். வாயில் வைப்பாள், கொப்பளிப்பாள், துப்புவாள்.

அந்த லேபுக்கு மேல் பொறுப்பாளர் முகுந்த். உதவி பிரூயர், அதாவது பீர் காய்ச்சுவதை மேற்பார்வை பார்க்கும் இரண்டாவது ஆள். திருப்புட்குழிக்காரர். அவர் அப்பா கோயில் கைங்கரியத்தில் இருப்பவர். ஒவ்வொரு டேங்க் பீரையும் ருசி பார்த்து ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது முகுந்தின் வேலை. அவர் கிளாசை எடுத்து உதட்டருகே கொண்டுபோவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் வைத்திருப்பார். கீழே வைத்துவிடுவார். பிறகு சுகிர்தாவைப் பார்ப்பார்.

"நீ பார்த்துட்டுச் சொல்லு. நான் எழுதிக்கறேன்."

அவள் ருசி பார்த்துச் சொல்வாள். அவர் எழுதுவார். அவளுக்கு முன்னால் இருந்த உதவியாளரிடமும் இதேதான் நடந்ததாம். பீர் பாக்டரியில் ஆறு வருஷம் சம்பளம் வாங்கிய மனிதர், பீர் இனிப்பா கசப்பா என்று தெரியாமலே காலம் தள்ளினார். அது அவர் பாடு என்று சுகிர்தாவும் விட்டுவிட்டாள்.

இரண்டு தீபாவளிக்கு முன்னால், பதினாலாம் டேங்கை ருசி பார்த்துவிட்டு, "வெண்ணெ வாசனை அடிக்குது சார். இன்னும் மூணு நாள் வுட்டா ஈஸ்ட்டே அத சரி பண்ணிடும்" என்றாள். பண்டிகை லாரிகள் வாசலில் நின்றுகொண்டிருந்தன. முகுந்த் 'நார்மல்' என்று எழுதினார். ஒரு மாதத்தில் பாட்டில்கள் திரும்பி வந்தன. டேங்கைச் சரியாகக் கழுவாமல் கிருமி சேர்ந்தாலும் இதே வாசனை வருமாம். அந்தச் சாக்கு போதுமாக இருந்தது. மேலே கேட்டபோது அவர் எழுதிக் கொடுத்ததுதான் அந்த முத்தான இரண்டு வரி.

அதற்குப் பிறகு வேறு எந்த லேபிலும் அவளை எடுக்கவில்லை. எங்கே போனாலும் பழைய இடத்துக்கு ஒரு போன் போடுவார்கள், மறுநாள் 'இடம் இல்லை' என்பார்கள். அதைவிட மோசம், பாக்டரி ஆட்களை ஏற்றி இறக்கும் ஷிஃப்ட் பஸ். வேலை போன அன்று கணக்கு முடிக்கப் போய்விட்டு, கடைசியாக ஒரு தடவை அந்த பஸ்ஸில் திரும்பினாள். டிரைவர் சுப்பிரமணி கண்ணாடியில் பார்த்து, "இன்னாம்மா கழுவாத சுகிர்தா, பின்னால போயி குந்து" என்றான். பஸ்ஸே சிரித்தது. மூன்று வருஷம் அவளோடு நாஷ்டா பங்கு போட்டுத் தின்றவர்களும் சிரித்தார்கள். அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

நான் அந்த முகுந்தின் வீட்டு வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்கலாம் என்றேன். "கேட்டா இன்னா ஆவும்? எழுதினது எழுதினதுதான். அந்தக் கையாலியே மாத்தி எழுத வெக்கணும்" என்றாள். சொல்லும்போது குரல் ஏறவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்போதுதான் ராஜகுளத்தில், ஹைவேயை ஒட்டி, பீர் தயாரிப்பைத் தொழிலாகக் கற்றுத்தரும் பள்ளி ஒன்று இருப்பது தெரிந்தது. ஒரு வருஷப் படிப்பு. உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாள், கிடைத்தது. சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒலகத்துல எத்தினியோ படிப்பு கீது. சாராயம் காச்சப் படிக்கப் போறியாடி?"

"சாராயம் இல்லம்மா, பீரு."

"ரெண்டு பஸ்ஸும் நரகத்துக்குத்தான் போவுது. போர்டுதான் வேற."

சுகிர்தா லேமினேஷன் போட்ட பக்கத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். தினமும் பஸ்ஸில் அதை ஒரு தடவை எடுத்துப் படிப்பாளாம். மற்றவர்கள் ஜெபப் புத்தகம் படிப்பார்கள், இவள் இதைப் படித்தாள்.

பள்ளியில் முதல் இரண்டு வாரமும் கழுவுவதுதான் பாடம். ராஜஸ்ரீ மேடம்தான் தலைமை ஆசிரியை. பீர் காய்ச்சுவதில் முக்கால்வாசி வேலை கழுவுவதுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். குழாய், வால்வு, டேங்கின் உள்பக்கம், எல்லாவற்றையும் சோடாக் கரைசலில் கழுவ வேண்டும், ஆசிட்டில் அலச வேண்டும், பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைச் சோதனைத் தட்டில் தடவி, கிருமி முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதினெட்டு பேரில் சுகிர்தாவின் டேங்கில்தான் ஒரு கிருமிகூட முளைக்கவில்லை. மேடம் அந்தச் சோதனைத் தட்டை வகுப்பில் தூக்கிக் காட்டினார். சுகிர்தா அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். காலித் தட்டு. அதை ஏன் அனுப்பினாள் என்று எனக்குப் புரிந்தது, கடையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

மூன்றாவது வாரம் ருசிப் பாடம். மேடம் சொன்ன முதல் விஷயமே சுகிர்தாவுக்கு இடி. ஒயினைத் துப்பலாம், பீரைத் துப்பக் கூடாது. கசப்பு தெரிவது அடிநாக்கிலும் தொண்டையிலும்தான். விழுங்காதவர்கள் இந்தத் தொழிலுக்கு வேண்டாம்.

அவள் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாளாம். பிறகு விழுங்கிவிட்டாள். மறைக்கவும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நேராகச் சொன்னாள், "எறங்கிடுச்சிம்மா." சித்தி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

நாலாவது வாரம் புதிதாக ஒரு ஆள் வகுப்புக்குள் வந்தார். கம்பெனி அனுப்பி, ருசிப் பாடத்துக்கு மட்டும். தலைமை பிரூயர் ஆக அந்தச் சான்றிதழ் வேண்டுமாம். முகுந்த்தான்.

சுகிர்தாவைப் பார்த்ததும் அவருக்கு ஒரு கணம் முகம் சுண்டியது. உடனே சரிசெய்துகொண்டு, "அட, நீயா? இங்க கிளாஸ் கழுவறியா?" என்றார்.

"படிக்கிறேன் சார்."

"நல்லது, நல்லது" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வகுப்பில் காலி நாற்காலிகள் நிறைய இருந்தன.

வெள்ளிக்கிழமை பரீட்சை. ஆளுக்கு ஒரு தட்டு, தட்டில் ஆறு கிளாஸ். நிறம் தெரியாமலிருக்க நீலக் கண்ணாடி, மேலே மூடி. ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே ஒரு குறையைக் கலந்திருப்பார்கள்: வெண்ணெய், வேகவைத்த சோளம், பச்சை ஆப்பிள், நனைந்த அட்டைப்பெட்டி, புளிப்பு. ஒன்றில் மட்டும் வெறும் தண்ணீர். என்னவென்று கண்டுபிடித்து எழுத வேண்டும். ஆரம்பிக்கும் முன்னால் முகுந்த் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"பழையபடி கொஞ்சம் பார்த்துக்கோ சுகிர்தா."

இரண்டு வருஷம் அவளைத் தெருவில் நிறுத்திய மனிதர், ஒரு மன்னிப்பு கிடையாது, ஒரு விசாரிப்பு கிடையாது, பழையபடி பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். நானாக இருந்தால் அந்த ஆறு கிளாசையும் அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். சுகிர்தா, "சரி சார்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். ஒவ்வொரு கிளாசாக ருசித்தாள், விழுங்கினாள், பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள், பேப்பரை அவர் பக்கம் நன்றாகத் திருப்பி வைத்தாள். ஒரு பதிலும் பொய் இல்லை. ஆறும் சரியான பதில்.

ஆனால் தட்டுக்குத் தட்டு கிளாசின் வரிசை மாறியிருக்கும். காப்பி அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைப்பார்கள். பாடக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது. கிளாசில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஆறு வருஷ அனுபவஸ்தர் கையேட்டைப் பிரிக்கவில்லை, நம்பரையும் பார்க்கவில்லை. வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளாசை உதட்டருகே வைத்து எடுத்தார். கண் முழுக்க பக்கத்துப் பேப்பரில் இருந்தது. முத்து முத்தாக எழுதி முடித்தார்.

மேடம் திருத்திவிட்டு அவர் பேப்பரை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆறும் தப்பு. அதுகூடப் பரவாயில்லை மிஸ்டர் முகுந்த். உங்க மூணாவது கிளாஸ் கேன் தண்ணி. அதுல வெண்ணெய் வாசனைன்னு எழுதியிருக்கீங்க."

வெண்ணெய் இருந்த டேங்கில் ஒன்றுமில்லை என்று எழுதியவருக்கு, ஒன்றுமில்லாத தண்ணீரில் வெண்ணெய் அடித்திருக்கிறது. வகுப்பு சிரித்தது. சுகிர்தா சிரிக்கவில்லை, எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்ததாக என்னிடம் சொன்னாள்.

"எல்லார் முன்னாலயும் ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க" என்றார் மேடம்.

முகுந்த் கிளாசைத் தூக்கினார். கீழே வைத்துவிட்டார். "வேலைல சேரும்போது அப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன் மேடம். ஒரு சொட்டு படாதுன்னு."

"அப்போ ஆறு வருஷமா ரிஜிஸ்டர்ல எழுதினது யாரோட ருசி?"

சுகிர்தா எழுந்தாள். பையிலிருந்து லேமினேஷன் போட்ட பக்கத்தை எடுத்துக்கொண்டுபோய் மேடத்தின் மேஜையில் வைத்தாள்.

"மூணு வருஷம் என்னோட நாக்கு மேடம். கடைசில எழுதினது என்னோட பேரு."

மேடம் இரண்டு தடவை படித்தார். மதிப்பெண் பட்டியலும் நடந்த விவரமும் திங்கட்கிழமை கம்பெனிக்குப் போகும் என்றார். அதற்கு முன்னால் முகுந்த் தானாக எழுதிக்கொடுத்தால் அதையும் சேர்த்து அனுப்புவேன் என்றார்.

சாயங்காலம் கேட்டருகே முகுந்த் காத்திருந்தார். "நீ சொல்லியிருக்கலாமே, தட்டு வேறன்னு."

"நீங்களும் சொல்லியிருக்கலாமே சார், வெண்ணெ வாசனைன்னு."

"என் வேலை போயிடும் சுகிர்தா. மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன், நான் முகர்ந்தாவது பார்த்தேன்னு. எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்."

"எங்க அம்மாவுக்கும் நான் சத்தியம் பண்ணிக்கினுதான் சார் வேலைக்கு வந்தேன். என் சத்தியம் போச்சி. உங்கள்து பத்திரமா கீது. என்னை வெச்சித்தான காப்பாத்திக்கினீங்க? குடிக்காதது தப்புன்னு நான் சொல்லல. பழி போட்டீங்களே, அத எடுங்க. அதே கையால, அதே மாதிரி அழகா எழுதுங்க. அவ்ளோதான் எனக்கு வேணும்."

அவர் எழுதினார். அவருக்கு வேறு வழி இல்லை. தானாக எழுதியதால் வேலை தப்பியது, பாட்டில் ஏற்றி அனுப்பும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நாக்குக்கு வேலை இல்லை. ரிஜிஸ்டரில் பழைய வரியை அடித்துப் பக்கத்தில் திருத்தம் எழுதி, நகலைச் சுகிர்தாவுக்கு அனுப்பியது கம்பெனி. திரும்ப வரச் சொல்லி போனும் வந்தது. படிப்பு முடித்து பிரூயராகத்தான் வருவேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"அந்த ஆளப் பாத்தா பாவமா இல்லியா?" என்று கேட்டேன்.

"கொஞ்சங்கூட இல்லண்ணா. ரெண்டு வருஷம் கழிச்சி இப்பத்தான் நல்லா தூங்குறேன்."

திருத்திய பக்கத்தோடு அவள் கடைக்கு வந்த அன்று சித்தியும் கூட வந்திருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான் படித்துச் சொன்னேன். 'லேப் உதவியாளர் சுகிர்தா மீது எந்தத் தவறும் இல்லை. டேங்கின் குறையை அவர் முன்பே கூறினார். நான் பதிவு செய்யவில்லை.' சித்தி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு ஒரு நகலைக் கேட்டு வாங்கி, மடித்து, பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். பீர் பாக்டரிக் காகிதம் அந்தப் பைபிளுக்குள் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

"இதையும் லேமினேஷன் போடவா?" என்று சுகிர்தாவைக் கேட்டேன்.

"வேணாம். காப்பி போடு."

"எத்தினி?"

"ஷிஃப்ட் பஸ்ல அம்பத்திரெண்டு சீட்டு. நின்னுகினு வர்றவங்களையும் சேத்து எழுவது போடு. காலைல பஸ் பொறப்படறதுக்கு முன்னால ஏறி, நானே ஒவ்வொருத்தர் கையிலயும் குடுக்கப் போறேன்."

மெஷின் சூடாகும்வரை ஓட்டினேன். எழுபதையும் அடுக்கித் தட்டிக் கொடுத்தேன். அவள் மேலே இருந்த ஒன்றைத் தனியாக எடுத்து என்னிடமே நீட்டினாள்.

"இதுக்கு மட்டும் லேமினேஷன் போடுண்ணா. சுப்பிரமணிக்கு. கண்ணாடி பக்கத்துல மாட்டிக்கட்டும்."

கெட்டியாகவே போட்டுக் கொடுத்தேன்.