காது காய்ந்ததும் நிறுத்திய மாத்திரை

தங்கை வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், பேரனின் காதுவலி மருந்து அரை பாட்டில் நிற்கிறது. “வலி போயிட்ச்சுக்கா. அடுத்த தபாவுக்கு ஆவும்” என்கிறாள். அவளுடைய வலது பக்கமாகப் போய் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன நாள் வரை கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடச் சொன்னேன். மருந்து கவுன்ட்டரில் ஓய்வு பெறும்வரை ஊருக்கெல்லாம் சொன்னதுதான். கேட்டவர்களை எண்ணுவது சுலபம்.

எங்கள் கொருக்குப்பேட்டைத் தெருவில் நோய் நின்றதும் மருந்தை நிறுத்துவதே புத்திசாலித்தனமாக இருந்தது. மீதி மாத்திரையும் மீதிக் குழம்பும் ஒன்று. கேட்ட வீட்டுக்குக் கிண்ணத்தில் போகும்.

சின்ன வயதில் தங்கைக்குச் சளி பிடித்தால் போதும், இடது காதில் சீழ் வடியும். அம்மா பெரியாஸ்பத்திரியில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வருவாள். சீழ் நின்றவுடன், கூட்ஸ் யார்டில் வேலை பார்த்த சித்தப்பா வைத்தியத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்வார்.

“காது காஞ்சிட்ச்சில்ல அண்ணி? அப்பால இன்னாத்துக்கு கொயந்தைக்கு சூட்டு மாத்திர? எட்த்து வை.”

மறுபடி வடியும்போது அந்த மீதிக் கேப்சூலில் ஒன்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் மஞ்சள் தூளைக் காகிதக் குழலில் வைத்துக் காதுக்குள் ஊதுவார். விழுங்கினால் மருந்து வயிற்றைச் சுற்றிக்கொண்டு வரத் தாமதமாகுமாம். வேகனை எந்தத் தண்டவாளத்தில் திருப்ப வேண்டும் என்று தெரிந்தவர் அல்லவா. தூள் கொட்டிவிடாமல் இருக்க, இடது காது மேலே இருக்கும்படி தங்கையைப் படுக்க வைப்பார்கள். எதிர் வீட்டுப் பையனுக்கும் அதே தூள், அதே குழல்.

ஒரு மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த புது மாத்திரைக்கும் சீழ் நிற்கவில்லை. சீழைச் சோதனைக்கு அனுப்பிய டாக்டரம்மா, முடிவு வந்ததும் அம்மாவை உட்காரச் சொன்னார். “பாதி பாதியா கொடுத்திருக்கீங்க. கிருமி மருந்துக்குப் பழகிடுச்சும்மா. இனிமே இது கேட்காது. ஊசிதான்.”

வெளியே வந்ததும் சித்தப்பா, “மாத்திர இன்னா சாராயமா, பயகிக்கறதுக்கு? சும்மா பேஜாரு பண்ணுது அந்தம்மா” என்றார். நாங்கள் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

தங்கை தினமும் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். கடைசியில் காது காய்ந்தது. அதன்பின் மத்தியானத் தூக்கத்தில் அவளை எழுப்பவே முடியாது. யார்டில் வேகன்கள் மோதிக்கொள்ளும் சத்தத்தில் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அதிரும். நான் திடுக்கிட்டு எழுவேன். அவள் அசையமாட்டாள்.

“பாத்தியா அண்ணி, இன்னாமா தூங்குது. சொம்மாவா, எல்லாம் நம்ம கைராசி” என்பார் சித்தப்பா.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளைப் போலவே வலப்பக்கம் ஒருக்களித்து, வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துப் பார்த்தேன். வேகன் சத்தம் மேலே இருந்த இடது காது வழியாக நன்றாகவே கேட்டது. அவளுக்கு மட்டும் எப்படித் தூக்கம் வருகிறது என்று புரியாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.